பிஎம் கிசான்: குத்தகைக்கு உழுறவங்களுக்கு வழியே இல்லையா?

வெண்ணாத்தங்கரை:
வணக்கம். எங்க ஊரு திருவாரூர் மாவட்டம், மன்னார்குடி பக்கம். அப்பா ஒம்போது மா (மூணு மா ஒரு ஏக்கர்) கோயில் நெலம் குத்தகைக்கு பாக்குறாரு, அது போக ஒன்றரை மா சொந்தம், அதுக்கு பட்டா இன்னும் தாத்தா பேருலயே கெடக்கு. தாத்தா இருந்தவரைக்கும் மத்திய அரசோட பிஎம் கிசான் உதவித்தொகை நாலு மாசத்துக்கு ஒருக்கா 2000 ஏறுச்சு, 2021ல அவரு தவறினதும் நின்னுபோச்சு. பக்கத்து வயல்காரரு சென்னையில செட்டிலாகி வருசக்கணக்காச்சு, அவரு நெலத்தயும் வேற ஆளுதான் உழுறாரு, ஆனா பணம் அவருக்கு தவறாம வருது. சேத்துல நிக்கிற அப்பாவுக்கு ஏன் இல்ல? டவுன்ல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல 1500 குடுத்தா பேர ஏத்தித் தர்றோம்ங்கறாங்க, குடுக்கலாமா?

குடமுருட்டி:
தம்பி அந்த 1500ஐ குடுத்துடாதீங்க. சொந்த நெலத்துக்கு வழி இருக்கு. 2019 பிப்ரவரி 1க்கு அப்புறம் பட்டா மாறுன நெலத்துக்கு கெடையாதுன்னு விதி, ஆனா ஓனர் எறந்து வாரிசுக்கு வந்தா அதுக்கு விலக்கு உண்டு. வாரிசு சர்டிபிகேட் வச்சு இ-சேவையில பட்டா மாத்த போடுங்க. அத்தை, சித்தப்பா பேரும் சேந்து கூட்டுப்பட்டாவா வந்தாலும் பரவால்ல, தனித்தனி குடும்பம்னா தனித்தனியா வாங்கலாம். அப்புறம் வட்டார வேளாண்மை ஆபீஸ்ல கேளுங்க, விவசாயி அடையாள எண்ணும் எடுத்துருங்க. இன்னொண்ணு, அப்பாவோட ஆதார் கடைசியா எந்த பேங்க்ல லிங்க் ஆச்சோ பணம் அங்கதான் போகும், எங்க பெரியப்பா சொசைட்டி பாஸ்புக்கையே பொரட்டிட்டு இருந்தாரு, பணம் பூரா எப்பவோ நூறு நாள் வேலைக்குன்னு தொறந்த கணக்குல கெடந்துச்சு.

கடைமடை விவசாயி:
சொந்த நெலம் சரி, ஒம்போது மா குத்தகைக்கு பத்து பைசா வராது. கோயில், மடம் நெலமெல்லாம் நிறுவன நெலம்னு விலக்கிட்டாங்க, குத்தகைதாரர கணக்குலயே எடுக்கல. டெல்டாவுல கோயில் நெலத்த நம்பி எத்தன குடும்பம் இருக்கு, வெத, உரம், ஆள்கூலி எல்லாம் போடுறது அவங்க. ஒடிசாவுல ‘காலியா’ (KALIA)ங்கற விவசாயி உதவித் திட்டத்துல பங்கு சாகுபடிக்காரங்களயும் நெலமில்லாதவங்களயும் சேத்தாங்க, ஆந்திராவுல 2019ல ரைத்து பரோசாங்கற உதவித் திட்டத்துல பட்டியலின, பழங்குடி, பிற்பட்ட, சிறுபான்மை குத்தகைதாரருக்கு குடுத்தாங்க. அப்ப முடியாத காரியம் இல்லல்ல? நம்ம ஸ்டேட்டும் இதுக்கு தனியா நிதி ஒதுக்கணும், கிராமசபையில தீர்மானம் போடுங்க, குறைதீர் கூட்டத்துல மனு குடுங்க, நாங்களும் குடுத்துட்டுதான் இருக்கோம்.

விழுப்புரம் வாசி:
சென்டர் பத்தி சொல்றேன், எங்க பக்கம் பாத்த கத. 2020ல கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர்னு நெலமே இல்லாதவங்கள லட்சக்கணக்குல ஏத்திட்டாங்க, வேளாண் ஆபீஸ் லாகின் பாஸ்வேர்டே வெளியாளுங்க கைக்கு போயிருந்துச்சு, 110 கோடி மோசடின்னு கணக்கு சொன்னாங்க, சிபிசிஐடி வந்துச்சு. ஏஜென்ட்டு கமிஷன எடுத்துட்டு போயிட்டான், பணத்த திருப்பி கட்டுனது கூலிக்கு போற சனங்க.

வெண்ணாத்தங்கரை:
ரொம்ப நன்றிண்ணே. அப்ப பட்டா வேலைய பாக்குறோம். குத்தகைக்கு அடங்கல் (எந்த வயல்ல யாரு என்ன பயிர் வச்சிருக்காங்கன்னு விஏஓ குடுக்குற சான்று) வாங்கினா ஏதாச்சும் பிரயோஜனம் உண்டா?

கடைமடை விவசாயி:
கண்டிப்பா வாங்குங்க. பயிர் காப்பீட்டுல குத்தகைதாரரும் சேரலாம், கொள்முதல் நிலையத்துல நெல்லு போடவும் அடங்கல்தான் கேப்பாங்க. கோயில் குத்தகை ரசீத எடுத்துட்டு விஏஓகிட்ட போங்க, சம்பா காப்பீட்டுக்கு கடைசி தேதி வழக்கமா நவம்பர் நடுவுல வந்துரும், அதுக்கு முன்னாடியே.