மாவுப்புழு வண்டு: ஒய் குரோமோசோம் கண்ணில் படவில்லை, எக்ஸ்-ஓ என்று எழுதலாமா?

கேள்வி (விலங்கியல்_முதுகலை)
டெனிப்ரியோ மோலிட்டர் ஆண் வண்டின் விந்தக ஸ்லைடு. செல்லை ஊதவைக்க சோடியம் சிட்ரேட் 1%, 40 நிமிடம்; நிலைநிறுத்த மெத்தனால்-அசிட்டிக் 3:1; சாயம் ஜீம்சா 5%. மெட்டாஃபேஸ் 1-இல் (குன்றல் பிரிவின் முதல் சுற்றில் குரோமோசோம்கள் நடுவில் வரிசையாகும் கட்டம்) எண்ணினால் 10தான் வருகிறது: ஒன்பது பைவேலன்ட் (ஜோடி சேர்ந்த குரோமோசோம்கள்), பத்தாவது குடை மாதிரி ஒன்று. ஒய் தனியாக இல்லை. பாதிச் செல்கள் வெடித்தும் கிடக்கின்றன. இது எக்ஸ்-ஓ (ஆணுக்கு எக்ஸ் ஒன்று மட்டும், ஒய் இல்லாத நிலை) தானே?

குடைவண்டு
இல்லை. அந்தக் குடைக்குள்தான் ஒய் இருக்கிறது. பெரிய எக்ஸ் பாராசூட் துணி என்றால், சின்ன ஒய் அதில் தொங்கும் ஆள். இந்த அமைப்பை எக்ஸ்-ஒய்-பி என்று எழுதுவார்கள்; அதில் உள்ள 'பி' அந்தப் பாராசூட்தான். இரண்டுக்கும் நடுவே கயாஸ்மா (ஜோடிக் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு பிணையும் இடம்) கிடையாது; வெள்ளி நைட்ரேட்டில் கருக்கும் புரதப் பொருள்தான் பிடித்துவைத்திருக்கிறது.

மெட்டாஃபேஸ் 1-ஐ எண்ணி இதைத் தீர்க்க முடியாது. எக்ஸ்-ஓ ஆக இருந்தாலும் 9+1 = 10தான் வரும். ஜோடிகள் பிரிந்த பிறகு வரும் மெட்டாஃபேஸ் 2-க்குப் போங்கள். எக்ஸ்-ஓ என்றால் சில செல்லில் 9, சிலவற்றில் 10. உங்கள் வண்டில் எல்லாமே 10. பாதியில் ஒரு பொடி குரோமோசோம் இருக்கும். விந்தணுத் தாய்ச்செல்லில் 19 பெரிது, 1 சிறிது. 1905-இல் நெட்டி ஸ்டீவன்ஸ் இதே வண்டில் கண்டதும் அதுதான். பெண்ணில் 20-ம் பெரிது. நிஜ எக்ஸ்-ஓ வண்டு வேண்டுமானால் ஃபோட்டினஸ் பைராலிஸ் மின்மினியைப் பாருங்கள்.

ஸ்லைடுமேசை
செல் வெடிப்புக்குக் காரணம் சிட்ரேட்டில் வைத்த அந்த 40 நிமிடம். 15–20 போதும். அதிகம் ஊதினால் குடையும் பிரிந்து, எக்ஸும் ஒய்யும் தனித்தனியாகக் கிடக்கும். அதை வைத்து வேறு தப்பான முடிவுக்குப் போவீர்கள்.

கூட்டுப்புழுவின் கடைசிப் பருவம் அல்லது இன்னும் நிறம் கருக்காத புது வண்டை எடுங்கள். கூட்டுப்புழுவைக் கவிழ்த்து வால்நுனியைப் பார்த்தால், பெண்ணுக்கு இரண்டு கூர்முனைகள் விலகித் துருத்தும். ஆணுக்குச் சின்ன மேடுதான். உள்ளே அவரைவிதை போல இருப்பது துணைச்சுரப்பி, அதில் எதுவும் கிடைக்காது. ஆறு இதழ்ப் பூப்போல வெள்ளையாக இருப்பதே விந்தகம். 3:1-இல் அரை மணி நேரம், பிறகு ஒரு இதழை மட்டும் 50% அசிட்டிக் அமிலத்தில் கரைத்துச் சூடான ஸ்லைடில் (சுமார் 45 டிகிரி) சொட்டு விடுங்கள்.

விலங்கியல்_முதுகலை
நன்றி. அப்படியானால் ஆணாக்குவது இந்தப் பொடி ஒய்தானா?

குடைவண்டு
பாலூட்டியை மனதில் வைத்துக்கொண்டு வண்டைப் படிக்க வேண்டாம். டிரைபோலியம் காஸ்டேனியம் என்ற சிவப்பு மாவு வண்டில் நன்றாக ஆராயப்பட்டது டிரான்ஸ்ஃபார்மர் ஜீன். தாய் முட்டையில் வைத்த சரக்கு பெண் கருவில் அதன் பெண்வகை ஸ்ப்லைசிங்கை (ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டுவது) தொடக்கிவைக்கிறது. பிறகு அது தன்னைத்தானே ஓட்டிக்கொண்டு டபுள்செக்ஸ் என்ற அடுத்த ஜீனின் ஆர்.என்.ஏ.வைப் பெண் வடிவில் வெட்டவைக்கிறது. ஆண் கருவில் இந்தச் சுற்று நிலைப்பதில்லை. தாய் வண்டுக்கே டிரான்ஸ்ஃபார்மரை அடக்கும் இரட்டை இழை ஆர்.என்.ஏ. ஊசி போட்டபோது குஞ்சுகள் அத்தனையும் ஆண், எக்ஸ் இரண்டு உள்ளவையும் சேர்த்து.