ஐஎஸ்ஓ 9001 இருந்தால் பியூட்டிஷியன் சான்றிதழ் செல்லுமா? பத்து நாள் கோர்ஸும் ஐடிஐயும்

பார்லர்_அக்கா:
நேத்து இங்க ஒரு பதிவு பார்த்ததிலிருந்து எனக்கு மனசே ஆறலை. "பியூட்டிஷியன் ஆக ஐடிஐ எல்லாம் வேஸ்ட். ஐஎஸ்ஓ 9001 அங்கீகாரம் பெற்ற அகாடமியில பத்து நாள் பிரைடல் மேக்கப் கோர்ஸ் போனா போதும், அந்தச் சான்றிதழ் உலகம் முழுக்கச் செல்லும்" அப்படின்னு. கீழே வரிசையா "ஃபீஸ் எவ்வளவு சிஸ்டர்"னு கேட்டிருக்காங்க. நகையை அடகு வச்சுப் போய்ச் சேரப்போற பொண்ணுங்க அவங்க. அதனாலதான் தனியா எழுதறேன்.

ஐஎஸ்ஓ 9001 ஒரு நிறுவனம் தன் வேலையை முறைப்படி, பதிவேடு வச்சு நடத்துதான்னு பார்க்கிற தர மேலாண்மைச் சான்று. போல்ட்டு நட்டு செய்யற கம்பெனிக்கும் அதே 9001தான். பாடத்திட்டம் சரியா, டீச்சருக்குப் புருவம் திருத்தற த்ரெடிங் நூல் பிடிக்கத் தெரியுமான்னெல்லாம் அது பார்க்காது. ஜெனீவாவில இருக்கிற ஐஎஸ்ஓ யாருக்கும் நேரடியா சான்று கொடுக்கிறதே இல்லை. தனியார் தணிக்கை நிறுவனங்கள் கொடுக்குது. அதைப் போர்டுல போட்டு "அங்கீகாரம் பெற்ற கோர்ஸ்"னு சொன்னா பச்சைப் பொய்.

சேர்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க. தேர்வை யார் நடத்தறாங்க? சான்றிதழ்ல கையெழுத்து யாரோடது? சொல்லிக்கொடுத்தவங்களே தேர்வு வச்சு அவங்களே கையெழுத்துப் போட்டா, அது நீங்க பணம் கட்டினதுக்கு ரசீது.

மேக்கப்_ப்ரியா_மதுரை:
அந்தப் பதிவு நான் போட்டதுதான். "ஒரு பதிவு"ன்னு எதுக்கு ஒளிச்சு எழுதணும், பேரைச் சொல்லியே எழுதலாமே? நான் படிச்சது ஐஎஸ்ஓ 9001:2015 அகாடமி. வைகாசி, ஆவணி முகூர்த்தம் பூரா என்கிட்ட தேதி கிடையாது. எந்தப் பொண்ணோட அம்மாவும் இதுவரைக்கும் சான்றிதழைக் காட்டுன்னு கேட்டதில்ல. ரீல்ஸ் பார்த்து வர்றாங்க, அட்வான்ஸ் போடுறாங்க. ஐடிஐ முடிச்சவங்க எங்க இருக்காங்கன்னு கொஞ்சம் சொல்றீங்களா? அடுத்தவங்க பார்லர்ல கால் கழுவிக்கிட்டு இருக்காங்க.

பார்லர்_அக்கா:
பெடிக்யூரை "கால் கழுவறது"ன்னு எழுதற நீங்கதான் இந்தத் தொழிலுக்கு வழிகாட்டி! ரொம்ப நல்லது.

உங்க வாயாலேயே சொல்லிட்டீங்க, யாரும் சான்றிதழ் கேட்கலைன்னு. அப்புறம் ஐஎஸ்ஓ எதுக்குப் போர்டுல? கேட்காத வாடிக்கையாளருக்காகவா? இல்லை, சேரப்போற பொண்ணுங்களை ஏமாத்தவா?

சேலம்_சலூன்:
ரெண்டு பேரும் சான்றிதழ், சான்றிதழ்னு அடிச்சுக்கறீங்க. எங்க வீட்ல மூணு தலைமுறையா இதே தொழிலுங்க. எங்க அப்பாவுக்கு எந்த அகாடமியும் கத்தி பிடிக்கச் சொல்லித் தரலை. தாத்தா காலத்துல கல்யாண வீட்டுக்குப் போய் மாப்பிள்ளைக்குச் சவரம் பண்ணிட்டு, நெல்லை வாங்கிட்டுப் பின்வாசல் வழியா வந்தாருங்க. இன்னைக்கு அதே வேலைக்கு ஏசி போட்டு, "ஹேர் ஆர்ட்டிஸ்ட்"னு பேர் வச்சு, லட்ச ரூபா ஃபீஸ் வாங்கிப் படிப்பாக்கிட்டாங்க. எங்களுக்கு மட்டும் "சர்டிபிகேட் இருக்கா தம்பி"ன்னு கேள்வி.

யாழ்_நிலா:
அண்ணா, உங்களுக்குத்தானே அந்த வழியே இருக்குது. எங்கட நாட்டில என்விகியூ எண்டு தேசிய தொழிற்தகைமை இருக்கு. வகுப்புக்குப் போகாமலே கனகாலம் சலூனில வேலை செய்தவை செய்முறையைக் காட்டி மதிப்பீட்டுக்குப் போகலாம். முன்கற்றலை அங்கீகரிக்கிறது எண்டு சொல்லுவினம். சிகையலங்காரம், அழகுக்கலை ரெண்டுக்கும் இருக்கு. வெளியால இருந்து வாற மதிப்பீட்டாளர்தான் பாப்பார், படிப்பிச்ச ஆள் இல்லை.

மேக்கப்_ப்ரியா_மதுரை:
இங்க மதுரை, சென்னை கதை பேசிக்கிட்டு இருக்கோம். இலங்கை எங்க வந்துச்சு?

பார்லர்_அக்கா:
நிலா சொன்னது இங்கேயும் இருக்கு. பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் திட்டத்துலயே முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்று கொடுக்கிற பிரிவு உண்டு. அழகுக்கலைக்குன்னு தனியா ஒரு செக்டர் ஸ்கில் கவுன்சிலும் (துறைத் திறன் மன்றம்) இருக்கு. சேலம் தம்பி, நீங்க அதுக்குப் போகலாம்.

சேலம்_சலூன்:
போகலாம்தானுங்க. ஆனா எனக்கு டெஸ்ட் வைக்க வர்றவருக்கு ஒரு தலையைப் படிய வெட்டத் தெரியுமான்னு யார் டெஸ்ட் வைக்கறது? அதுக்குப் பதில் சொல்லுங்க.

மேக்கப்_ப்ரியா_மதுரை:
அக்காவுக்கு ஒரு தகவல். அமெரிக்காவுல டெக்சாஸ்ல புருவம் திருத்துறவங்க 750 மணி நேரம் படிச்சே ஆகணும்னு சட்டம் இருந்துச்சு. நம்ம ஆளுங்கதான் கேஸ் போட்டாங்க. 2015ல அந்த மாநில உச்ச நீதிமன்றமே அது அநியாயம்னு தள்ளிருச்சு. கோர்ட்டே மணிக்கணக்கு வேண்டாம்னு சொல்லுது, நீங்க ஐடிஐக்கு ஒரு வருஷம் போங்கன்னு சொல்றீங்க.

பார்லர்_அக்கா:
அந்தத் தீர்ப்பு த்ரெடிங்குக்கு மட்டும். வெறும் பருத்தி நூல், ஒரு சொட்டு ரசாயனம் கிடையாது. அதுக்குப் போய் 750 மணி நேர சரும அழகுக்கலைப் படிப்பு முழுசையும் படிக்கச் சொல்றது அதிகம்னு கோர்ட் சொன்னது. தலையில டெவலப்பர் (ஹேர் கலரோட கலக்கற பெராக்சைடு) வைக்கிறவங்களுக்கு அந்த நாட்டுல இன்னைக்கும் லைசென்ஸ் வேணும். கலிபோர்னியாவில 1600 மணி நேரமா இருந்ததை 2022ல 1000 ஆக்கினாங்க. எடுத்துடலை.

உங்க பத்து நாள் கோர்ஸ்ல டெவலப்பர் பத்தி என்ன சொன்னாங்க? 20 வால்யூம்னா 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, 40 வால்யூம்னா 12. என்கிட்ட ஒரு காலேஜ் பொண்ணு துப்பட்டாவைத் தலையில சுத்திக்கிட்டு வந்தா. காதுக்குப் பின்னாடி ஃபாயில் மடிச்ச இடத்துல தோல் வெள்ளையா வெந்து போய், ஓரத்துல நீர் கசிஞ்சுக்கிட்டு இருந்தது. "எரியுதுக்கா"ன்னு அவ சொன்னப்போ, "கலர் ஏறினா அப்படித்தான் இருக்கும்"னு சொல்லி உட்கார வச்சிருக்காங்க. 40 வால்யூமை மண்டைத்தோல்ல படற மாதிரி வச்சிருக்காங்க. அங்கேயும் சுவர்ல ஐஎஸ்ஓ தொங்கிச்சுன்னு அந்தப் பொண்ணே சொன்னா. எந்தக் கடைன்னு சொல்லமாட்டேன். பொண்ணை நேரா தோல் டாக்டர்கிட்ட அனுப்பினேன்.

கருப்பு டையில இருக்கிற பிபிடிங்கிற ரசாயனம் சிலருக்கு முகமே வீங்கற அளவுக்கு ஒவ்வாமை கொடுக்கும். 48 மணி நேரம் முன்னாடி காதுக்குப் பின்னாடி தடவிப் பார்க்கணும். இதை எந்த நாள் சொல்லிக்கொடுத்தாங்க, மூணாவது நாளா, நாலாவது நாளா?

மேக்கப்_ப்ரியா_மதுரை:
நான் ஹேர் கலரே பண்றதில்ல. நான் மேக்கப் ஆர்ட்டிஸ்ட். சம்பந்தமில்லாம பேசாதீங்க. ஐஎஸ்ஓ 9001 சும்மா கிடைக்காது, ஆடிட் பண்ணித்தான் தர்றாங்க.

பார்லர்_அக்கா:
எதை ஆடிட் பண்றாங்க? அதைத்தான் கேட்கறேன்.

துபாய்_சுதா:
நான் துபாய்ல சலூன்ல வேலை பார்க்கிறேன். இங்க இன்டர்வியூவில ஐஎஸ்ஓன்னு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கையில வேலை தெரியுமான்னு டிரையல் வைப்பாங்க. அப்புறம் சான்றிதழை அட்டெஸ்ட் பண்ணிக் கொண்டு வரச் சொல்வாங்க. அமீரகம் அப்போஸ்டில் ஒப்பந்தத்துல (ஒரே முத்திரையில ஆவணத்தை மத்த நாடுகள் ஏத்துக்கிற ஏற்பாடு) இல்லாததால தூதரகம் வரைக்கும் போகணும். எங்கேயும் பதிவு ஆகாத அகாடமி பேப்பரை வச்சுக்கிட்டு அந்த வரிசையில நின்னு அழுத பொண்ணுங்களை எனக்குத் தெரியும்.

ஆனா அக்கா, ஐடிஐயைத் தூக்கித் தலைல வைக்காதீங்க. நான் ஐடிஐயிலதான் படிச்சேன். ஃபேஷியல் ஸ்டீமர் கண்ணாடி உடைஞ்சு கிடந்தது, டீச்சர் போஸ்ட் காலி. தையல் டீச்சரை வச்சு ஒப்பேத்தினாங்க. தரம் வேணும்னா சிடெஸ்கோங்கிற சர்வதேச அழகுக்கலை டிப்ளமோதான். 1946லிருந்து இருக்கு, 1200 மணி நேரப் பயிற்சி, வெளியிலிருந்து தேர்வாளர் வருவாங்க.

பார்லர்_அக்கா:
ஐடிஐ காஸ்மெட்டாலஜியும் 1200 மணி நேரம்தான் சுதா. பத்தாவது போதும், அகில இந்தியத் தொழில் தேர்வு, தேசிய தொழிற்சான்றிதழ். சிடெஸ்கோ நல்ல படிப்புதான், மறுக்கலை. ஆனா அந்த ஃபீஸை யார் கட்டறது?

மகளுக்காக_கேட்கிறேன்:
வணக்கம். என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஒரு இடத்தில் டிப்ளமோவுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம், அதற்கு மேல் ஜிஎஸ்டி என்கிறார்கள். ஈஎம்ஐ போட்டுத் தருகிறோம், இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். அழகு நிலையங்களுக்கு ஜிஎஸ்டி குறைந்துவிட்டது என்று படித்தேனே? தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

சேலம்_சலூன்:
சார், என் கடைக்கு அனுப்புங்க, ஃபீஸே வேண்டாம். ஆனா அனுப்பமாட்டீங்க. சலூன்காரன் கடைக்குப் பொண்ணை யார் அனுப்புவா?

பார்லர்_அக்கா:
சார், இன்னைக்கு ஒரு ரூபாயும் கட்டாதீங்க. 2025 செப்டம்பர் 22லிருந்து 5 சதவீதம் ஆனது பார்லர் சேவைக்கு. தனியார் கோர்ஸ் ஃபீஸுக்கு 18தான். ஈஎம்ஐன்னு சொல்றது பெரும்பாலும் உங்க பேர்ல எடுக்கிற கடன், மகள் பாதியில நின்னாலும் தவணை நிக்காது. அதை எழுத்துல கேளுங்க. வகுப்பு நடக்கும்போது போய் உட்காருங்க. பொண்ணுங்க டம்மி தலையில மட்டும் செய்யறாங்களா, ஆளை உட்கார வச்சு செய்யறாங்களான்னு பாருங்க. த்ரெடிங் நூலை ஒவ்வொருத்தருக்கும் புதுசா வெட்டறாங்களா, கருவிகளைக் கழுவாமலே அந்த நீல விளக்கு யூவி பெட்டியில போடறாங்களா பாருங்க. அந்தப் பெட்டி சுத்தம் பண்ணினதை வைக்கத்தான். ரத்தம் பட்டது ஆட்டோகிளேவ்ல (நீராவி அழுத்தத்துல கிருமி நீக்கற கருவி) 121 டிகிரியில போகணும், இல்லைன்னா தூக்கிப் போடணும்.

அரசு ஐடிஐன்னா மாசம் 750 ரூபாய் உதவித்தொகை, இலவச பஸ் பாஸ். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில படிச்சிருந்தா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபாயும் வரும். காஸ்மெட்டாலஜி எல்லா ஐடிஐயிலயும் இல்லை, மகளிர் ஐடிஐகள்ல விசாரிங்க. அவ்வளவு நாள் முடியாதுன்னா, வங்கிகள் நடத்தற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள்ல பார்லர் பயிற்சி இலவசம், சாப்பாடும் உண்டு.

மேக்கப்_ப்ரியா_மதுரை:
750 ரூபாயில ஒரு நல்ல லிப்ஸ்டிக் வராது. சார், உங்க பொண்ணை ஒரு வருஷம் உடைஞ்ச ஸ்டீமர் முன்னாடி உட்கார வைக்கப் போறீங்களா? சுதாவே சொல்லிட்டாங்க.

வெண்பா:
ப்ரியாவோட பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். நாலு கல்யாணப் பொண்ணு, நாலு பேருக்கும் ஒரே நிறத்துல முகம். கழுத்து மாநிறம், முகம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கு. நம்ம ஊர்ப் பொண்ணுக்கு ஃபவுண்டேஷன் தேர்ந்தெடுக்கக் கத்துக்க பத்து நாள் பத்தலைன்னு அந்த போட்டோக்களே சொல்லுது.

மேக்கப்_ப்ரியா_மதுரை:
வீட்டுல பாட்டியிலிருந்து மாமியார் வரைக்கும் "கொஞ்சம் கலரா காட்டும்மா"ன்னுதான் கேக்குறாங்க. போட்டோவுல லைட் வேற. மேக்கப் போட்டுப் பார்க்காதவங்க பேசக்கூடாது.

வெண்பா:
கேட்டா செஞ்சுடுவீங்களா? அந்த ஆசையை வச்சுத்தான் பாதரசம் கலந்த வெள்ளையாக்கற க்ரீமை வித்தாங்க, கேரளாவுல சிறுநீரகம் கெட்டுப்போய் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. "கலரா காட்டு"ன்னா முடியாதுன்னு சொல்லத் தெரியறதும் படிப்புதான்.

சேலம்_சலூன்:
கருப்பு, வெளுப்பு எல்லாம் பேசுவீங்க. நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலை. மதிப்பிட வர்றவரு யாருங்க?

பார்லர்_அக்கா:
சொல்றேன் தம்பி, இருங்க. ப்ரியா, நீங்க இன்னும் பதில் சொல்லலை. ஐஎஸ்ஓ உங்க பாடத்திட்டத்தைப் பார்த்துச்சா, இல்லையா? ஆமான்னா அந்தத் தணிக்கை அறிக்கையை இங்க போடுங்க.

மேக்கப்_ப்ரியா_மதுரை:
உங்களுக்கு எதுக்கு நான் அறிக்கை காட்டணும்? போன வருஷம் ஏர்பிரஷ் மேக்கப் பத்தி நான் எழுதினப்பவும் இப்படித்தான் வந்து நின்னீங்க. மதுரையில ஒருத்தி சம்பாதிக்கிறது உங்களுக்குப் பொறுக்கலை. என் சான்றிதழ் செல்லும். ஐஎஸ்ஓ 9001:2015. அவ்வளவுதான்.

பார்லர்_அக்கா:
போன வருஷம் ஏர்பிரஷ் வேர்வையில கலையவே கலையாதுன்னு எழுதினீங்க. மதுரை சித்திரை வெயில்ல! அதுக்கு நான் கேட்ட கேள்விக்கும் இன்னும் பதில் வரலை.

யாழ்_நிலா:
அக்கா, அந்த ஐயா மகளுக்கு வழி கேட்டவர். நீங்கள் ரெண்டு பேரும் ஏர்பிரஷ் கதைக்கிறீங்கள்.

துபாய்_சுதா:
அக்கா, ஐஎஸ்ஓவை விடுங்க. ஐடிஐயில டீச்சர் போஸ்ட் காலியா இருந்ததுக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லலை. தாள்ல 1200 மணி நேரம் இருக்கு, சொல்லித்தர ஆள் இல்லைன்னா அந்த மணி நேரத்தை யார் எண்றது?

பார்லர்_அக்கா:
எந்த ஐடிஐ? ஊர் பேரைச் சொல்லுங்க. என் பார்லர்ல வேலை பார்க்கிற ரெண்டு பேரும் ஐடிஐ, கையை வச்சா முகம் பளிச்சுன்னு இருக்கும். ஒரு இடத்துல ஸ்டீமர் உடைஞ்சதுக்கு மொத்தப் படிப்பையும் குறை சொல்லாதீங்க.

துபாய்_சுதா:
ஊர் பேரெல்லாம் பொதுவுல சொல்லமாட்டேன், அங்க என் தோழி இன்னும் வேலை பார்க்கிறா. நீங்க மட்டும் அந்தக் காலேஜ் பொண்ணு தலையை வேகவச்ச கடை பேரைச் சொன்னீங்களா?

சேலம்_சலூன்:
அதானே!