ஒப்பிப்பதை நிறுத்தி வாசிக்க வைப்பது எப்படி?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஆசிரியையாக இருக்கிறேன். அதியமானை ஔவை பாடிய நெல்லிக்கனிப் பாட்டை (புறநானூறு 91) பிள்ளைகள் வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள். ஒவ்வோர் அடி முடிவிலும் தலை ஒருமுறை ஆடுகிறது. அதியமான் ஆண்ட தகடூர் மண்ணில் பிறந்துவிட்டு இப்படியா என்று கோபமே வருகிறது.

பதில் 1: கோபம் வேண்டாம் அம்மா. ‘அடக்கிச்’ என்று ஓர் அடி முடிகிறதல்லவா? அந்தச் ‘ச்’ அடுத்த அடியின் ‘சாதல்’ என்ற சொல்லைக் கையைப் பிடித்து இழுக்கிறது. அங்கே மூச்சு விடக்கூடாது. அந்த ஓர் இடத்தை மட்டும் பத்து முறை வாசிக்கச் சொல்லுங்கள். சாவை விலக்கும் அந்தக் கனியின் பலனை வெளியே சொல்லாமல் அதியமான் மனத்துக்குள் அடக்கிக்கொண்டான். குரலும் அங்கே தாழட்டும்.

பதில் 2: எங்கள் பென்னாகரம் பக்கம் வேறு தலைவலி. தெருக்கூத்து பார்த்த பிள்ளைகள் எல்லாப் பாட்டையும் முழங்கித் தள்ளுவார்கள். பாட்டி கையால் ஒரு நெல்லிக்காயைக் கொடுக்கச் செய்து, “வாங்கிக்கொண்டு அவரைப் பார்த்துச் சொல்” என்றேன் மகளிடம். கத்தல் நின்றுவிட்டது.

கேட்டவர்: சந்தையில் அரைக் கிலோ வாங்கிப் போனேன். வாசிப்பதற்குள் பாதியைத் தின்றுவிட்டார்கள்! ஆனால் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் ‘சாதல் நீங்க’ என்று சொல்லிவிட்டு, சற்று நின்று, கையிலிருந்த காயைப் பார்த்தான்.