வயிற்றுக்கு எடுத்த சி.டி. ஸ்கேனிலேயே எலும்பு அடர்த்தியைத் தெரிந்துகொள்ளலாமா?

தண்டையார்பேட்டை மகள்:
வணக்கம். என் அம்மாவுக்கு வயது 66. சிறுநீரகக் கல் இருக்கலாம் என்று சென்ற மாதம் சாயமருந்து செலுத்தாமல் வயிற்றுப் பகுதிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தோம். கல்லைப் பற்றி விரிவாக எழுதிய அறிக்கையின் கடைசி வரியில், முதுகெலும்பின் அடர்த்தி குறைந்தாற்போல் தெரிகிறது என்று மட்டும் இருக்கிறது. கல்லைப் பார்த்த மருத்துவர் அந்த வரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மூச்சிரைப்புக்காகப் பல ஆண்டுகள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர் என்பதால் எனக்குக் கவலையாக இருக்கிறது. எலும்புக்கென்று இன்னொரு சி.டி. எடுக்க வேண்டுமா?

ராயபுரம், கதிரியக்கத் துறை:
வேண்டாம், அம்மா. உங்களிடம் உள்ள ஸ்கேனிலேயே அளக்கலாம். இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பில், வெளி ஓட்டைத் தொடாமல் பஞ்சு போன்ற உட்பகுதியில் ஒரு வட்டம் வரைந்தால், கணினி அதன் சராசரி ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணைக் காட்டிவிடும். தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000 என்று வைத்து அடர்த்தியைக் காட்டும் அளவுகோல் அது. 120 கிலோவோல்ட்டில் எடுத்த படத்தில் அந்த எண் 160க்கு மேல் இருந்தால், எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் எலும்புப்புரைக்கு வாய்ப்புக் குறைவு, 110க்குக் கீழே இருந்தால் வாய்ப்பு அதிகம் என்று விஸ்கான்சின் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஃபிலிமை வைத்து இதை அளக்க முடியாது. ஸ்கேன் மையத்தில் குறுந்தகட்டைக் கேட்டு வாங்குங்கள். பக்கவாட்டுப் படத்தில் ஏதேனும் முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வயதானால் வரும் முதுகுவலி என்று வீட்டில் விட்டுவிடும் பல வலிகள் அப்படிப்பட்ட முறிவுகள்தாம். பலமாக அடிபடாமலே நசுங்கியிருந்தால், எண் எதுவாக இருந்தாலும் சிகிச்சையைப் பற்றி யோசித்தாக வேண்டும்.

திருவொற்றியூர் வாசகர்:
அப்படியானால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா என்ற எக்ஸ்-கதிர்ப் பரிசோதனையே தேவையில்லையா? என் அப்பாவுக்கு டெக்ஸாவில் முதுகெலும்பு சரியாக இருப்பதாக வந்தது. பிறகு வேறு காரணத்துக்காக எடுத்த சி.டி.யைப் பார்த்த மருத்துவர், தேய்மானத்தால் வளர்ந்த எலும்பு முட்களும் இரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்பும் சேர்ந்துதான் அந்த அளவை உயர்த்திக் காட்டியிருக்கின்றன என்றார்.

ராயபுரம், கதிரியக்கத் துறை:
உண்மைதான், ஐயா. டெக்ஸா முன்னும் பின்னும் இருப்பதை ஒன்றாகச் சேர்த்து அளக்கிறது, சி.டி.யில் உட்பகுதியை மட்டும் தனியே அளக்கலாம். அதனால்தான் டெக்ஸாவில் இடுப்பு மூட்டையும் சேர்த்துப் பார்க்கிறோம். ஆனாலும் டி-ஸ்கோர், அதாவது இளம் வயதினரின் சராசரி எலும்பு அடர்த்தியோடு ஒப்பிடும் எண், −2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை டெக்ஸாவை அடிப்படையாகக் கொண்டது. மருந்து தொடங்குவதற்கும் பின்னர் ஒப்பிடுவதற்கும் அது வேண்டும். அதன் கதிர்வீச்சோ வயிற்று சி.டி.யில் நூறில் ஒரு பங்குகூட வராது.

சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். கல்லும் எலும்பிழப்பும் ஒருவரிடமே சேர்ந்து இருந்தால், இரத்தத்தில் கால்சியம் அளவைக் கட்டுப்படுத்தும், கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி மிகையாகச் சுரக்கிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது. ஸ்டீராய்டு மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரத்தத்தில் கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி, கிரியேட்டினின் ஆகியவற்றைப் பார்த்த பிறகு மருத்துவர் சொன்னால் மட்டும் கால்சியம் மாத்திரை கொடுங்கள். மருந்துக் கடையில் நீங்களாக வாங்கித் தொடங்க வேண்டாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவுக்குப் போவதானால் குறுந்தகடு, ஸ்கேன் அறிக்கை, பழைய ஸ்டீராய்டு சீட்டுகள் மூன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.