பொருள்: கூத்து பத்து இரவா, மூன்று இரவா?

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

வைகாசித் திருவிழாவுக்கான வரவு செலவுத் திட்டத்தைச் செயலாளர் அண்ணன் போன வாரம் அனுப்பியிருந்தார். உடனே பதில் எழுதவில்லை. சூட்டோடு சூடாக எழுதினால் துபாய்த் தம்பிகள் என்னைப் பழம்பஞ்சாங்கம் என்று தள்ளிவிடுவார்கள். இரண்டு நாள் ஆறப்போட்டுவிட்டு எழுதுகிறேன். அப்படியும் கொஞ்சம் சூடு மிச்சமிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திரௌபதி அம்மன் கோயிலில் பத்து இரவு நடக்கும் பாரதக் கூத்தை மூன்று இரவாகக் குறைப்பது. மிஞ்சும் தொகையோடு சங்கத்தின் நன்கொடையையும் சேர்த்துச் சென்னையிலிருந்து ஒரு மெல்லிசைக் குழுவையும் எல்.இ.டி. திரையையும் வரவழைப்பது. இதுதான் திட்டம். மெல்லிசைக்கு ஓர் இரவுக்கு 2,40,000 ரூபாய். கூத்து ஆடும் குழுவான ஜமாவுக்கு ஓர் இரவுக்கு 30,000. பதினைந்து பேர் கூலி, வேன் வாடகை எல்லாம் அதற்குள். மெல்லிசைத் தொகையை யாரும் பேரம் பேசியதாகத் தெரியவில்லை. ஜமாவுக்கு நேரே மட்டும் '25,000க்கு முடியுமா என்று கேட்கவும்' என்று ஒரு குறிப்பு இருக்கிறது.

நியூ ஜெர்சி மாமா கேட்டிருந்தார்: "கூத்தை இப்போது யார் பார்க்கிறார்கள்? முன்னால் நாலு கிழவிகள், பின்னால் நாலு குடிகாரர்கள்." மறுக்க மாட்டேன், மாமா. போன தடவை நான் வந்திருந்தபோது இரவு இரண்டு மணிக்கு எண்ணிப் பார்த்தேன், நாற்பது பேர்கூடத் தேறவில்லை. ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் அடித்த இரட்டைப் பொருள் வசனத்தில் என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இதையெல்லாம் மூடிமறைத்து, கூத்து என்றால் தெய்வீகம் என்று பேசுகிறவன் நான் இல்லை. ஆனால் 'காலம் மாறிவிட்டது' என்ற ஒற்றை வரியில் இதை முடித்துவிடுகிறோமே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. காலம் மாறுவதற்கு முன்பும் நாம் கூத்துக்காரர்களை இப்படித்தான் நடத்தினோம்.

நம் ஊர்த் திருவிழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. இரண்டும் ஒரே கதை. பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாட்டைச் சொல்லிப் பொருள் விரிக்கிறார். அவருக்கு மேடையில் நாற்காலி, மின்விசிறி, முடிக்கும் நாளில் பொன்னாடை, தர்மகர்த்தா வீட்டில் வாழை இலைச் சாப்பாடு. அதே கதையை இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய ஆடிப் பாடுகிறவர்களுக்குப் பள்ளிக்கூட வராந்தா, அண்டாவில் ஆறிப்போன சோறு. ஒரு வருஷமாவது யாராவது அவர்களுக்குத் துண்டு போர்த்திப் பார்த்திருக்கிறீர்களா? கதைக்கு மதிப்புக் குறைவாக இருந்தால் பிரசங்கியாருக்கும் அல்லவா குறைந்திருக்க வேண்டும்?

எனக்கு ஒன்பது வயதிருக்கும். வேஷம் கட்டுவதைப் பார்க்க வராந்தாத் தூண் மறைவில் நிற்பேன். துரியோதனன் வேஷக்காரர் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கைக்கண்ணாடியைப் பெட்டி மேல் சாய்த்துவைத்து, அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவார். முகம் சிவப்பாக ஏறிய பிறகு, ஈர்க்குச்சியால் வெள்ளைப் புள்ளிகளைப் புருவத்தைச் சுற்றி வைப்பார். ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை வாய் திறக்க மாட்டார். பிறகு கச்சை கட்ட இன்னொருவர் வருவார். இடுப்பில் துணியைச் சுற்றி, முதுகில் முழங்காலை ஊன்றி இழுப்பார். அதற்கு மேல் மார்பதக்கம், புஜக்கட்டை, கடைசியில் கிரீடம். எல்லாம் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டியவை. இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, திரைக்கு மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கை கட்டிய பாதமும் மட்டும் தெரியும். முகவீணை ஓங்கும்போது திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும். அந்தக் குரலுக்குப் பயந்து நான் அம்மாவின் மடியில் ஒளிந்திருக்கிறேன்.

மறுநாள் அதே மனிதர் எங்கள் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க வந்தார். காது மடலில் சிவப்புச் சாயம் முழுசாகப் போகவில்லை. தண்ணீர் கேட்டார். எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்றுதான் கேட்டார். அவருக்கென்று ஓர் அலுமினியத் தம்ளர் எரவாணத்தில், கூரையின் இறக்கத்தில், செருகியிருக்கும். அம்மா அதை எடுத்துக் கொடுத்தாள். குடித்து, கழுவி, அவரே மறுபடியும் செருகிவிட்டுப் போனார். இரவு முழுக்க 'ராஜாதி ராஜன்' என்று மார்தட்டியவர். ஒன்பது வயதில் எனக்கு அதில் எதுவும் தவறாகத் தெரியவில்லை என்பதைத்தான் இப்போது நினைத்தால் நெஞ்சு கூசுகிறது.

அந்தத் தம்ளரில்தான் இந்தச் சங்கதி முழுக்க இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் கூத்தை எடைபோடவில்லை, கூத்தாடியைத்தான் எடைபோட்டோம். அவருடைய சாதி நமக்குத் தெரியும், அவர் யாரிடம் கடன் வாங்கினார் என்று தெரியும், எந்த வீட்டில் கூலிக்குப் போகிறார் என்று தெரியும். இத்தனையும் தெரிந்தபின் அவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் நமக்குக் 'கூத்தாடி'தான். அந்தச் சொல்லையே நாம் வசவாக வைத்திருக்கிறோம். பிள்ளை சொல்பேச்சுக் கேட்காவிட்டால் 'என்னடா கூத்தடிக்கிறாய்', கட்சிக்காரர்கள் சண்டை போட்டால் 'தெருக்கூத்து'. 'கூத்தாடி கிழக்கே பார்த்தான், கூலிக்காரன் மேற்கே பார்த்தான்' என்ற பழமொழி வேறு. நம் ஊரில் இரண்டு பேரும் ஒரே ஆள். பாவம், அவர் இரண்டு திசையிலும் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

நம் பிள்ளைகளுக்குப் பாரிஸிலும் டொராண்டோவிலும் காசு கொடுத்து பரதநாட்டியம் கற்றுத்தருகிறோம். நானும்தான் சனிக்கிழமைதோறும் மகளை அழைத்துப்போகிறேன். அந்த ஆட்டம் சதிர் என்ற பெயரில் இருந்தபோது அதைப் பார்ப்பதே கௌரவக் குறைச்சல் என்றார்கள். 1930களில் மியூசிக் அகாடமி மேடைக்கு வந்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி 1935இல் ஆடினார், அடுத்த வருஷம் கலாக்ஷேத்ரா வந்தது. அடவும் முத்திரையும் தஞ்சாவூர் நட்டுவனார்கள் கொடுத்தவைதான். ஆடுகிறவர்களின் குடும்பம் மாறியது, ஆட்டத்துக்கு மரியாதை வந்தது. தலைமுறை தலைமுறையாக அதைக் காப்பாற்றிய பெண்களுக்கு அந்த மரியாதையில் எவ்வளவு பங்கு போய்ச் சேர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், என் பங்குக் குட்டு. 2016 கடைசியில் பாரிஸ் பக்கத்தில் வேன்சேன் காட்டுக்குள் தெயாத்ர் து சொலேய் என்ற புகழ்பெற்ற குழு புதிய நாடகம் ஒன்றைப் போட்டது. அரியான் மனூஷ்கின் இயக்கியது. அலுவலகத் தோழி ஒருத்தி வற்புறுத்தியதால் டிக்கெட் எடுத்தேன். நடுவில் திடீரென்று மத்தள ஒலி. கிரீடமும் புஜக்கட்டையுமாக ஆட்கள் வந்தார்கள். திரௌபதி துகிலுரிதல்! புரிசை கண்ணப்ப சம்பந்தன் அவர்களிடம் அந்த நடிகர்கள் கூத்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்திலிருந்த பிரெஞ்சுக்காரரிடம் 'இது எங்கள் ஊர்ப் பக்கத்துக் கலை' என்று பெருமையாகச் சொன்னேன்.

ரயிலில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. புரிசை நம் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது, அறைத் தோழர்கள் கூத்துக்காரன்போல் கத்திக் கிண்டல் செய்தால் நானும் சேர்ந்து சிரித்தவன். 'உங்கள் ஊரில் இது உண்டா' என்று கேட்டபோது இல்லை என்று சொன்னவன். அப்படிப்பட்டவனுக்கு வேன்சேன் காட்டில் கண்ணீர் வந்ததென்றால் பாதிக் கண்ணீர் கூத்துக்கு, பாதி அந்த வெள்ளைக்காரர்களின் கைத்தட்டலுக்கு. அவர்களால் தாராளமாகக் கைதட்ட முடிகிறது. எரவாணத்துத் தம்ளர் எதுவும் அவர்களுக்குத் தெரியாது.

தெரிந்தவர்களை மதிக்கவே முடியாது என்றும் இல்லை. என்னோடு முன்பு வேலை பார்த்த உடுப்பிக்காரர் ஒருவர், அவர்கள் ஊர்க் கூத்தான யக்ஷகானத்துக்காகவே விடுப்பை மாற்றிப் போட்டு ஊருக்குப் போவார். மேளம் என்றால் அங்கே ஆட்டக் குழு; கட்டீல் கோயில் மேளத்துக்கு வேண்டுதல் ஆட்டம் பதிவு செய்துவிட்டுப் பல வருஷம் காத்திருக்கிறார்கள் அங்கே. எப்படி என்று அவரிடம் கேட்டேன். வேஷம் கட்டாமல் உட்கார்ந்தபடியே வாதம் செய்யும் தாளமத்தளை என்று ஒரு வடிவம் உண்டாம்; அதில் வக்கீல்களும் பேராசிரியர்களும் வந்து கிருஷ்ணனாகவும் கர்ணனாகவும் பேசுவார்களாம். ஊரில் நாற்காலி போட்டு உட்காரவைக்கும் ஆட்கள் அவர்கள். நம் ஊரில் படித்தவன் கூத்தில் ஏறினால் அவனுக்குப் பெண் கொடுப்பார்களா, சொல்லுங்கள்.

கரும்புத் தோட்டக் கூலிகளாக ரீயூனியன் தீவுக்குப் போனவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேச்சுத் தமிழ் அவர்கள் பேரப்பிள்ளைகளிடம் பெரும்பாலும் போய்விட்டது. ஆனாலும் தீமிதி நடக்கிறது, கூத்திலிருந்து வந்த இரவு ஆட்டமும் இன்னும் அங்கே இருக்கிறது. நம்மிடம் தமிழ் இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது, 2,40,000 ரூபாயும் இருக்கிறது.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். செயலாளர் அண்ணன் வைத்திருக்கும் மூன்று இரவு: அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். கூட்டம் வரும் இரவுகள் என்ற கணக்குப் புரிகிறது. ஆனால் துகிலுரிதல் இரவை வெட்டிவிட்டீர்களே அண்ணா! அன்று அவிழ்த்த கூந்தலைத்தான் படுகளத்து அன்று காலை திரௌபதி முடிகிறாள். மண்ணால் துரியோதனன் உருவத்தைப் படுத்த நிலையில் செய்து, தொடையில் அடித்து, ஊரே கூடி நின்று பார்ப்பது அந்த முடிச்சுக்காகத்தான். அவிழ்க்காத கூந்தலை எப்படி முடிவது?

என் யோசனை: ஏழு இரவு நடக்கட்டும். துகிலுரிதல் இரவுக்கும் இன்னோர் இரவுக்குமான தொகையை நானே தருகிறேன், பேரம் இல்லாமல். மெல்லிசையும் வேண்டும் என்றால் வையுங்கள், பிள்ளைகளின் ஆசை அது, எல்.இ.டி. திரையை மட்டும் விடலாம். ஜமாவுக்குச் சாப்பாடு கோயில் பந்தலில், முதல் பந்தியில். இதற்குத் தர்மகர்த்தா வீட்டில் முனகல் வரும் என்று தெரியும். பேச வேண்டியவர்களிடம் நான் பேசுகிறேன். நம் பெண் பிள்ளைகளும் கூத்துக் கற்க ஆசைப்பட்டால் அதுவும் புதிதில்லை. காஞ்சிபுரம் பக்கம் பெ. ராஜகோபால் நடத்திய கட்டைக்கூத்து (நம் தெருக்கூத்துதான்) குருகுலத்தில் பெண் பிள்ளைகள் வேஷம் கட்டியிருக்கிறார்கள்.

நேற்று ஜமா வாத்தியாரிடம் தொலைபேசியில் பேசினேன். அந்தத் துரியோதனன் வேஷக்காரரின் மகன்தான் இப்போது வாத்தியார். தொகையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. தை மாதக் கடைசிக்குள் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டால் வேறு ஊருக்கு வாக்குக் கொடுக்காமல் இருப்பேன் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, கூத்து நடக்கும் இரவில் மெல்லிசையை வைக்காமல் இருந்தால் நல்லது என்றார். போன வருஷம் பக்கத்து ஊரில் இரண்டையும் ஒரே இரவில் வைத்தார்களாம். கர்ணன் சாகும்போது ஆர்மோனியமே கேட்கவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் பதிலை எழுதுங்கள்.

அன்புடன்,
ஏரிக்கரைத் தெருக் கடைசி வீட்டுக்காரன்,
பாரிஸ்