மன்னித்தவருக்கு மறுபடியும் கடன் கொடுக்க வேண்டுமா?

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். உறவினர் ஒருவர் பழைய கடனையே திருப்பித் தராமல், மறுபடியும் பணம் கேட்டு நிற்கிறார். எனக்குப் பகை இல்லை. ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லும் மத்தேயு 18:22 புரிகிறது. உறுத்துவது லூக்கா 6:35. கைம்மாறு கருதாமல் கடன் கொடுங்கள் என்கிறார் இயேசு, அதுவும் சத்துருக்களைப் பற்றிப் பேசும்போது! ஆனால் அதே லூக்கா 17:3, குற்றம் செய்த சகோதரனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னி என்கிறது. இவரிடம் வருத்தத்தின் சாயலே இல்லை. மன்னிப்பதும், மீண்டும் நம்பிப் பணம் கொடுப்பதும் ஒன்றுதானா?

'ஜெபியுங்கள்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன். இத்தகைய நிலையில் கொடுத்தவர்களோ மறுத்தவர்களோ இருந்தால், எந்த வசனம் உங்களை வழிநடத்தியது? மறுத்தவர்கள் உறவு முறியாமல் அதை எப்படிச் சொன்னீர்கள்?