தம்பிக்கு அமெரிக்கா காலேஜ்ல ஓட சான்ஸ், இங்க குடுக்குற காசை வாங்கலாமா?

பட்டர்வொர்த் அக்கா:
வணக்கம். என் தம்பி 400 மீட்டர் ஓடுறான், பத்து காவான் ஸ்டேடியத்துல பயிற்சி, எஸ்டிபிஎம் (ஆறாம் படிவப் பரீட்சை) முடிச்சாச்சு. அமெரிக்கா காலேஜ் கோச் ஒருத்தரு ஸ்காலர்ஷிப் பத்தி பேசலாம்னு ஈமெயில் போட்டிருக்காரு, அம்மா கோயிலுக்கே நேந்துகிட்டாங்க. ஆனா மாநிலங்களுக்குள்ள நடக்குற சுக்மா போட்டில மெடல் எடுத்ததுக்கு மாநிலத்துல காசு குடுத்தாங்களே, அதால அமெச்சூர் (காசுக்கு ஆடாதவன்) இல்லன்னு தள்ளிடுவாங்களா? லிட்டில் இந்தியா சப்பாத்து கடைக்காரரு இன்ஸ்டாகிராம்ல போட்டோ போட்டா 3,000 ரிங்கிட் தரேன்றாரு, வாங்கலாமா? கோலாலம்பூர்ல ஒரு ஏஜன்ட் வேற ஸ்காலர்ஷிப்ல 10 பெர்சன்ட் கேக்குறாரு.

பழைய ரன்னர்:
முதல்ல அந்த ஏஜன்ட விடுங்க தங்கச்சி. ஸ்காலர்ஷிப் தொகைய வச்சு கமிஷன் வாங்குறத என்சிஏஏ (அமெரிக்கா காலேஜ் விளையாட்ட நடத்துற அமைப்பு) ஒத்துக்காது, தம்பி பேரு தான் கெடும். கோச் நேரா எழுதியிருக்காருல்ல, நீங்களே பதில் போடுங்க. நம்ம மலேசியா 400 மீட்டர் ரன்னர் ஷெரீன் சாம்சன் அமெரிக்காவுல வினோனா ஸ்டேட் காலேஜுக்கு ஓடுன பொண்ணு தானே.

சுக்மா காசு தான் கொஞ்சம் சிக்கல். 2016ல சிங்கப்பூர் நீச்சல்காரரு ஜோசஃப் ஸ்கூலிங் டெக்சஸ் காலேஜ்ல படிச்சிக்கிட்டே ஒலிம்பிக் தங்கம் எடுத்தாரு, அவங்க நாட்டு பரிசு வாங்கியும் காலேஜுக்கு நீந்த முடிஞ்சுச்சு, ஏன்னா 2015ல வெளிநாட்டு பிள்ளைங்களுக்கும் விலக்கு குடுத்தாங்க. ஆனா அந்த விலக்கு நாட்டோட ஒலிம்பிக் அமைப்பு குடுக்குற காசுக்கு, அதுவும் வருஷத்துக்கு ஒரே ஒரு பெரிய போட்டிக்கு. மாநில காசு அதுல வராது. அதுக்காக ஒளிக்காதீங்க, தகுதிய பாக்குற என்சிஏஏ எலிஜிபிலிட்டி சென்டர் பாரத்துல தொகைய அப்படியே எழுதுங்க. போட்டிக்கு ஆன செலவு அளவுக்கு வாங்குனத அவங்க ரொம்ப நாளா ஏத்துக்குறாங்க, அதனால பஸ், ஹோட்டல், ஸ்பைக்ஸ் ரசீது இருந்தா தேடி வைங்க. விதி வருஷா வருஷம் மாறுது, கோச்கிட்ட காலேஜ்ல விதிய பாத்துக்குற கம்ப்ளையன்ஸ் ஆபிஸ் நம்பர் கேளுங்க.

செந்தூல் மாமா:
சப்பாத்து கடை காசு வேற கதைம்மா. 2021 ஜூலை 1லேருந்து பேரையும் படத்தையும் வச்சு சம்பாதிக்க என்சிஏஏ விட்டுடுச்சு, ஆனா அந்த ஊரு விசா விடல. எஃப்-1 மாணவர் விசால போற பிள்ளை படிப்பு நாள்ல கேம்பஸ்குள்ள வாரத்துக்கு 20 மணி நேரம் தான் வேலை பாக்கலாம், வெளில விளம்பர வேலை செஞ்சா விசாவே போயிரும். கென்டக்கி பாஸ்கட்பால் பையன், காங்கோக்காரன், 2022ல டீமோட பஹாமாஸ் போனப்ப தான் அங்க வச்சு ஒப்பந்த வேலைய முடிச்சான். அதனால போட்டோ எல்லாம் ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்ன இங்கயே எடுத்து காசையும் இங்கயே வாங்கிடுங்க, ஆனா எழுத்துல இருக்கணும், மெடலுக்கான பரிசு மாதிரி எழுதிடக்கூடாது. காலேஜ் டிவிஷன் 1ல (என்சிஏஏவோட மேல் பிரிவு) இருந்தா, ஒப்பந்தம் 600 டாலரோ அதுக்கு மேலயோ இருந்தா சொல்லியாகணும், 3,000 ரிங்கிட் அதைத் தாண்டும்.

இன்னொன்னு, 2025 ஜூலையிலேருந்து ஒரு காலேஜ் தன் வருமானத்துல பிள்ளைங்களுக்கு நேரா பங்கு குடுக்கலாம்னு வந்திருக்கு, 2025-26 வருஷத்துக்கு அது 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும், அதைக் கேட்டு ஆசப்படாதீங்க, பெரும்பகுதி அமெரிக்க ஃபுட்பாலுக்கும் பாஸ்கட்பாலுக்கும் தான் போகுது. ஓட்டக்காரனுக்கு ஸ்காலர்ஷிப் தான் சம்பளம். அது முழுசா பாதியா, எத்தன வருஷத்துக்குன்னு முதல்லயே கேளுங்க.

பட்டர்வொர்த் அக்கா:
ரொம்ப நன்றி அண்ணே, மாமா. ஏஜன்டுக்கு வேணாம்னு மெசேஜ் போட்டுட்டேன். தம்பி ரசீதெல்லாம் மைலோ டின்ல போட்டு வச்சிருக்கான், இன்னிக்கு ராத்திரி உக்காந்து கணக்கு பாக்குறோம்.